நகரும் டிஷ்வாஷர், நகராத வீடு

எங்கள் வீட்டு டிஷ்வாஷர் இதுவரை மூன்று வாடகை வீடுகளைப் பார்த்துவிட்டது. வேலை செய்தது இரண்டில்தான். நடுவில் ஒரு வீட்டில் பதினோரு மாதம் பால்கனியில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலையில் இரண்டு துளசித் தொட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றது. அட்டைப்பெட்டியில் 'போர்ட்டபிள்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியவன் நான். கொஞ்ச நாளாக அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வாடகை வீடா? கவலையே வேணாம், போர்ட்டபிள் வாங்கிக்கோங்க" என்று சொல்லும் வீடியோக்களும் கட்டுரைகளும் இப்போது நிறைய. அவை சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

போர்ட்டபிள் என்று விற்கப்படுவதில் மூன்று வகை உண்டு. அமெரிக்காவில் அதிகம் புழங்குவது, அடியில் சக்கரம் வைத்த ஆளுயரத்தில் பாதி இருக்கும் பெட்டி. வேலை வரும்போது சிங்க் பக்கம் உருட்டிக்கொண்டு போய், குழாய் வாயில் ஒரு அடாப்டரை மாட்டி, முடிந்ததும் திரும்ப மூலையில் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது, மேடை மேல் வைக்கும் ஆறு செட் பெட்டி. சுமார் 55 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம், காலியாக இருக்கும்போதே இருபது கிலோவுக்கு மேல். எங்களுடையது இதுதான். மூன்றாவது, குழாயே வேண்டாம் என்று சொல்லும் குட்டி வகை. மேலே உள்ள தொட்டியில் நாமே ஐந்து லிட்டர் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் வேலையை மிச்சப்படுத்த ஒரு இயந்திரத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊட்டுவதை என் அம்மா கடைசிவரை ஒரு ஜோக்காகத்தான் பார்த்தார். "குழந்தைக்குப் பால் புகட்டற மாதிரி இருக்குடா!"

பால்கனி வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வீடியோவும் இதைச் சொல்லவில்லை. அது மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளம். பிளம்பர் வந்து சிங்க்குக்குக் கீழே ஆங்கிள் காக்கில் ஒரு டி-ஜாயிண்ட் போட்டு, ஆர்.ஓ. வடிகட்டிக்கு ஒரு கிளை, மெஷினுக்கு ஒரு கிளை என்று பிரித்துக் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் இரண்டு நிமிடம் முனகிவிட்டுப் பீப் சத்தம், திரையில் பிழை எண். கையேட்டை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.04 மெகாபாஸ்கல் வேண்டுமாம். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்: பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 0.1 மெகாபாஸ்கல் தரும். அப்படியானால் 0.04-க்கு நான்கு மீட்டர் உயரம் வேண்டும். மொட்டை மாடியில் டேங்க்கின் நீர்மட்டத்திலிருந்து எங்கள் சிங்க் குழாய் வரை டேப் பிடித்துப் பார்த்தேன். டேங்க் நிரம்பி வழியும்போதே மூன்று மீட்டர் இல்லை.

இதே மெஷின் கீழ்த்தளத்து வீட்டுக்காரருக்கு அருமையாக ஓடியிருக்கும். நாங்கள் மேலே இருந்தோம், வாடகை கொஞ்சம் குறைவு என்பதால்.

சர்வீஸ் ஆள் பூஸ்டர் பம்ப் வைக்கச் சொன்னார். ஓனரிடம் கேட்டேன். "பம்பெல்லாம் வேணாம் தம்பி, பழைய பைப்பு, ஜாயிண்ட் விட்டுரும்." அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கட்டடத்து ஜி.ஐ. பைப்பைப் பார்த்தவன் என்ற முறையில், அவர் சொன்னது நியாயம் என்றும் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் போர்ட்டபிள் என்ற சொல் என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. பெட்டி நகரும், சரி. ஆனால் பெட்டி வேலை செய்யத் தேவையான எதுவும் நகராது. தண்ணீர் அழுத்தம், கழிவுநீர்க் குழாயின் உயரம், 16 ஆம்பியர் பாயிண்ட் எல்லாமே வீட்டோடு ஒட்டியவை. கடைசியில் சொன்னதைப் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் அந்த எல்லையை உரசும், சில மாடல்கள் தாண்டும். பழைய வாடகை வீட்டுச் சமையலறையில் பவர் பாயிண்ட் ஒன்றே ஒன்று இருக்கும், அதில் ஃபிரிட்ஜ் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டலாமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஜெர்மனியில் வாடகை வீடு எடுத்த நண்பர்கள் சொல்லிக் கேட்டு முதலில் சிரித்திருக்கிறேன். அங்கே பல வீடுகளில் சமையலறை வெறும் அறையாகத்தான் கிடைக்குமாம். அலமாரி, அடுப்பு, சில நேரம் சிங்க்கைக்கூட வாடகைக்கு வருபவரே கொண்டுவந்து மாட்டி, போகும்போது கழற்றி எடுத்துப் போவார். கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் அந்த வெற்று அறையின் சுவரில் தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் மின்சாரத்துக்கும் இணைப்புகள் தயாராக இருக்கும். அங்கே சமையலறை மொத்தமும் போர்ட்டபிள், சுவர் அதற்கு ஒத்துழைக்கிறது. நம் ஊரில் கிரானைட் மேடையும் சிங்க்கும் ஓனர் தருகிறார். அந்த மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோன பிறகுதான் தெரியும்.

நியூயார்க்கில் கதை வேறு. பழைய அடுக்குமாடிகளின் வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் துவைக்கும் மெஷினும் டிஷ்வாஷரும் வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். கழிவுக் குழாய்கள் பழசு, தண்ணீர் பில் பெரும்பாலும் கட்டட உரிமையாளர் தலையில். சக்கரம் வைத்த பெட்டிக்கு அங்கே இவ்வளவு ரசிகர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிளம்பர் வேண்டாம், தடயம் இருக்காது, ஓனர் வரும் நாளில் மேலே ஒரு துணி விரித்து மேஜை ஆக்கிவிடலாம். அதாவது அந்தச் சக்கரங்கள் பாதி வசதிக்கு, பாதி ஒளிப்பதற்கு.

தமிழ்நாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று அதன் பின்னிணைப்பு பிரித்துக் காட்டுகிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரர் தலையில். பழுதானதைச் சரிசெய்யும் கடமை நமக்கு இருக்கிறது. புதிதாக ஒரு இணைப்பைக் கேட்க வேண்டுமானால் ஓனரின் மனநிலையைப் பார்த்து, பொங்கல் சமயமாகப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று என் மூன்று ஒப்பந்தங்களிலும் எழுதியிருந்தது. ஆணி அடிக்க உரிமை இல்லாதவர்களுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம் என்றுதான் போர்ட்டபிளை நான் மொழிபெயர்ப்பேன்.

சரி, தண்ணீர் மிச்சம் என்கிறார்களே, அதற்கு வருவோம். மெஷினை ஆதரிக்கும் கட்டுரைகள் பலவும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம். ரைனர் ஷ்டாமிங்கர் என்ற பேராசிரியரின் குழு, ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரை அழைத்து, பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சொல்லி அளந்தது. சராசரியாக 103 லிட்டர் தண்ணீர், 2.5 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல், 79 நிமிடம். மெஷினுக்கு அதில் சின்னப் பங்குதான். நல்ல ஆய்வு. நம் ஊர் விற்பனைக் கட்டுரைக்குள் வரும்போதுதான் அது கோணலாகிவிடுகிறது.

அந்த 2.5 யூனிட் எங்கிருந்து வந்தது? வெந்நீரிலிருந்து. சென்னையில் யார் வெந்நீர் வைத்துப் பாத்திரம் தேய்க்கிறார்கள்? மே மாதம் மதியம் குழாயைத் திறந்தால் கையைச் சுடும், அது வேறு விஷயம். இங்கே கையால் கழுவ மின்சாரச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். மெஷின்தான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரைச் சூடாக்கி முக்கால் யூனிட் போல எடுக்கிறது. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. ஓடும் குழாயில் கழுவுவதைவிட மெஷின் பரவாயில்லை. ஆனால் ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசும் தண்ணீர் என்று இரண்டு தொட்டி வைத்துக் கழுவினால், கரியமில வாயுக் கணக்கில் மெஷினையும் அது முந்திவிடுகிறது என்றது. இந்தப் பின்பாதியை விளம்பரக் கட்டுரைகள் வசதியாக விட்டுவிடும்.

நானும் வீட்டில் அளந்தேன். ஆய்வு என்று சொல்ல மாட்டேன், வாளி வைத்துப் பிடித்ததுதான். நாலு பேர், ஒரு நாள் பாத்திரம். நான் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியதில் 85 லிட்டர். அம்மா அகலமான பேசினும் சொம்புமாகக் கழுவியதில் 30. மெஷின் வழியில் ஒரு ஓட்டத்துக்கு 7, உள்ளே வைக்கும் முன் சாம்பார் ரசம் வழிக்க 4, உள்ளே போகாத பாத்திரங்களைக் கையால் கழுவ 14, ஆக 25. மெஷின் ஜெயித்ததா என்றால் ஜெயித்தது. என்னை 60 லிட்டரில், அம்மாவை 5 லிட்டரில். அந்த 60-ல் பெரும்பகுதியை நான் குழாயை மூடியிருந்தாலே மிச்சம் பிடித்திருப்பேன். அம்மாவின் 30-ல் பாதி, ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், வாளியில் பிடித்து வைத்தது. மெஷின் அதை ஏற்காது, அதற்குக் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்காக நின்ற ஞாபகம் இருப்பவர்களுக்கு, இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

'ஆறு செட்' என்ற அளவே நம் வீட்டுக்கானது இல்லை. ஐரோப்பியச் சோதனை விதிகளில் ஒரு செட் என்றால் சாப்பாட்டுத் தட்டு, சூப் தட்டு, இனிப்புத் தட்டு, கப்பு, சாஸர், கிளாஸ், கத்தி, ஃபோர்க், ஸ்பூன் வகைகள். எல்லாம் தட்டை, எல்லாம் மெலிசு. விளிம்பு தூக்கிய எவர்சில்வர் தட்டு அந்தக் கம்பிகளுக்கு நடுவே சாய்ந்து பக்கத்துத் தட்டின் மேல் படுத்துக்கொள்ளும். டபரா கவிழ்ந்து அழுக்குத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். நாளுக்குச் சராசரி 55 சாமான் விழுகிறது, மெஷினுக்குள் போவது 38. மீதி 17 எவை? குக்கர், வாணலி, இட்லிக் கொப்பரை, மாவுப் பாத்திரம், மிக்ஸி ஜார், தோசைக்கல். அலுமினியத்தை உள்ளே போட்டால் அந்தக் காரமான பொடியில் கறுத்து மங்கிவிடும், இரும்பு துருப்பிடிக்கும். தேய்க்க வேண்டிய கடினமான வேலை முழுக்க வெளியேதான் நிற்கிறது. சும்மா அலசினாலே போய்விடுகிற டம்ளர்கள் வெந்நீரில் ஒன்றரை இரண்டு மணி நேரம் குளிக்கின்றன.

உப்புத் தண்ணியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இருக்க முடியாது. மெஷினுக்குள் ஒரு சின்ன அறையில் பிசின் மணிகள் இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் சலித்துப்போனால் திரும்ப உயிர்ப்பிக்க உப்பு போட வேண்டும், அதுவும் பருமனான தூய உப்பு. பொடி உப்பு போட்டால் அடைத்துக்கொள்ளும். "உப்புத் தண்ணிக்கு உப்பா?" என்று அம்மா கேட்டதற்கு இதையெல்லாம் விளக்கினேன், நம்பவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையை மெஷினில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும் என்கிறது கையேடு. எங்கள் முதல் வீட்டில் ஜனவரியில் மெட்ரோ தண்ணீர், ஏப்ரலில் போர் தண்ணீர், மே மாதம் லாரி. எந்த வாரம் எது ஏறுகிறது என்பது மோட்டார் போடும் ஓனருக்கு மட்டும்தான் தெரியும். டம்ளர்களில் வெள்ளைப் படலம் விழுந்ததும்தான் தண்ணீர் மாறிவிட்டது எங்களுக்குத் தெரியவரும்.

இவ்வளவும் மெஷினைப் பற்றி. இனி மனிதர்கள்.

இந்த இயந்திரத்துக்கு 1886-இல் காப்புரிமை வாங்கியவர் ஜோசஃபின் காக்ரன், இல்லினாயின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்தவர். வேலையாட்கள் அவருடைய பீங்கான் தட்டுகளை உடைத்ததால் எரிச்சலாகிச் செய்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த மெஷின் ஓடியது. ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள். அன்றைய வீடுகளில் அதற்குத் தேவையான அளவு வெந்நீர் கிடையாது. இயந்திரம் தயார், வீடு தயாரில்லை! எனக்கு அந்த வரலாற்றில் பிடித்தது இதுதான்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கௌவன் 1983-இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' புத்தகத்தை இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வீட்டுச் சாதனங்கள் வந்தும் அம்மாக்களின் நேரம் ஏன் மிச்சமாகவில்லை என்பதுதான் அவர் கேள்வி. ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த பங்கைத்தான் சாதனங்கள் பெரிதும் எடுத்துக்கொண்டன, சுத்தத்தின் அளவுகோலும் ஏறிக்கொண்டே போனது என்பது பதில். எனக்கு அந்தப் புத்தகம் மிகப் பிடிக்கும். ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சென்னைச் சமையலறையில் வைக்க முடியாது. அவர் எழுதிய நடுத்தர அமெரிக்க வீட்டில், வேலையாள் படிப்படியாகக் காணாமல் போகிறாள். நம் வீட்டில் அவர் காலை ஏழரைக்கு வந்து பெல் அடிக்கிறார். இங்கே மெஷின் போட்டி போடுவது அவருடைய சம்பளத்தோடு.

நாங்கள் மெஷின் வாங்கியது 2020 ஊரடங்கில், அக்கா வர முடியாமல் போன மாதங்களில். அப்போது நிறையப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். தளர்வு வந்து அவர் திரும்பியபோது நான்தான் சொன்னேன்: "பாத்திரம் வேணாம்க்கா, பெருக்கித் தொடைச்சா போதும்." சம்பளத்தில் 800 ரூபாய் குறைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, துடைத்துக்கொண்டே மெஷினைக் காட்டிக் கேட்டார்: "இது மாசம் எவ்ளோ சார் சாப்பிடுது?"

அன்று இரவு கணக்குப் போட்டேன். மாதத்துக்கு நாற்பது ஓட்டம் போல. பொடி, உப்பு, ரின்ஸ் எய்ட், ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வசூலிக்கும் கரண்ட். எழுநூறு சொச்சம் வந்தது. மெஷின் விலையை நான் அதில் சேர்க்கவில்லை. அக்காவிடம் அந்தத் தொகையைச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். மெஷின் வந்தபிறகு நானும் அந்த 88-இல் ஒரு கௌரவமான உறுப்பினன் ஆனேன். தட்டு அடுக்குவது, பொடி போடுவது, பட்டன் அழுத்துவது எல்லாம் என் இலாகா. வந்தவர்களிடம் "பாத்திரம் நான்தான்" என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். வெளியே நின்ற அந்த 17 சாமான்கள் யார் இலாகா என்று என் மனைவி ஒருநாள் கேட்டபோதுதான் எண்ணவே ஆரம்பித்தேன். மேலே சொன்ன 55, 38, 17 எல்லாம் ஆராய்ச்சி ஆர்வத்தில் வந்தவை இல்லை, ஒரு சண்டையில் வந்தவை. இப்போது வாணலியும் குக்கரும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்னுடையவை. தோசைக்கல் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது: மாடல் பார்க்கும் முன் டேப்பும் வாளியும் எடுத்துக்கொண்டு உங்கள் சமையலறைக்குப் போங்கள். மேல் தளமா, டேங்க் எவ்வளவு உயரத்தில், சிங்க்குக்குப் பக்கத்தில் பவர் பாயிண்ட் இருக்கிறதா, ஓனர் என்ன சொல்வார். கை வலி, மூட்டு வாதம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நான் மேலே போட்ட லிட்டர் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்த பிறகு 30 லிட்டர், 25 லிட்டர் வித்தியாசத்தை நானும் பேசுவதில்லை.

இப்போதைய வீடு தரைத்தளம். தண்ணீர் அம்பு மாதிரி வருகிறது, மெஷின் தினமும் ஓடுகிறது. போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஓனர் ஒரு வரி சேர்த்திருந்தார்: பாத்திரம் கழுவும் மெஷினுக்காக மாதம் 300 ரூபாய் கூடுதல், தண்ணீர் செலவு என்ற பெயரில். என் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். 85, 30, 25 எல்லாவற்றையும் காட்டி, மெஷினால் உங்கள் தண்ணீர் மிச்சம்தான் சார் என்று நிதானமாக விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"கணக்கு சரியாத்தான் தம்பி இருக்கு. ஆனா ராத்திரி மோட்டார் ஓடற மாதிரி சத்தம் கேக்குதே" என்றார்.

300 ரூபாய் அடுத்த மாதத்திலிருந்து.